ஓடும்போது மட்டும் மூக்கு ஒழுகுவது ஏன்? என்ன செய்யலாம்?

சளியும் இல்லை, காய்ச்சலும் இல்லை, காலையில் ஓட ஆரம்பித்தால் மட்டும் மூக்கில் நீர் வழிகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பலருக்கும் இருப்பதுதான், பயப்பட வேண்டாம்.

உள்ளே போகும் காற்றைச் சூடாக்கி ஈரப்படுத்துவது மூக்கின் வேலை. ஓடும்போது மூச்சு பல மடங்கு கூடுகிறது. மார்கழிக் காலையிலோ ஊட்டியிலோ காற்று குளிர்ந்தும் இருந்தால், மூக்கு அதிகமாக நீர் சுரக்கும். மிஞ்சியது வழிகிறது, அவ்வளவுதான். இதற்குக் கைக்குட்டையே போதும். ஒரு துளையை மூடி, மற்றதை மெதுவாகச் சிந்துங்கள்.

தும்மலும் கண் அரிப்பும் சேர்ந்து வந்தால் கதை வேறு. அது பெரும்பாலும் ஒவ்வாமை. தூசி, பார்த்தீனியச் செடியின் மகரந்தம் என்று ஏதோ ஒன்று தூண்டுகிறது. வண்டிப் புகையும் அதை மோசமாக்கும். சில நாள் பாதையை மாற்றி ஓடிப் பாருங்கள். நீச்சல் குளத்தில் மட்டும் ஒழுகினால் குளோரினைச் சந்தேகிக்கலாம்.

மருந்து என்றால், நீர் சுரப்பைக் குறைக்க இப்ராட்ரோபியம் ஸ்ப்ரே உண்டு. ஒவ்வாமைக்கு ஸ்டீராய்டு ஸ்ப்ரே. இரண்டையும் மருத்துவரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். பலர் மூக்கடைப்புக்கான சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்தைக் கடையில் வாங்கித் தினமும் போடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். தொடர்ந்து போட்டால் அதுவே அடைப்பை உண்டாக்கும். உப்புநீரால் மூக்கைக் கழுவுவது பரவாயில்லை, ஆனால் கொதிக்கவைத்து ஆறிய நீரில் மட்டும்.

அப்புறம், ஓடும்போது நெஞ்சு இறுகினாலோ இளைப்பு வந்தாலோ ஆஸ்துமா இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.