மாட்ஃப்ளோவில் நீர்த்தாங்கி அடுக்கின் வகையும் பண்புகளும்

நிலத்தடி நீரோட்டத்தைக் கணக்கிடும் மென்பொருளான மாட்ஃப்ளோவில் (MODFLOW), நீர்த்தாங்கியின் மேலடுக்கை 'மூடிய' வகையாகக் கொடுத்தபின், நீர்மட்டம் இறங்கினாலும் அடுக்கின் கடத்துதிறன் (நீர் நிறைந்த தடிமன் முழுவதும் சேர்ந்து நீரைக் கடத்தும் அளவு) குறையாதது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அவ்வகையில் மாட்ஃப்ளோ அடுக்கின் முழுத் தடிமனையும் நீர் நிறைந்ததாகவே கொள்கிறது. எனவே நீர்மட்டம் தன் மேல்விளிம்புக்குக் கீழே இறங்கக்கூடிய அடுக்கை, நீர் நிறைந்த தடிமனை நீர்மட்டத்துக்கேற்பக் கணக்கிடும் 'மாறக்கூடிய' வகையாக வைத்து, மணலுக்குப் பெரும்பாலும் 0.1 முதல் 0.3 வரை அமையும் ஒப்பு நீர்விளைவையும் (நீர்மட்டம் இறங்கும்போது மண்ணிலிருந்து வடியும் நீரின் பங்கு), மீட்டருக்கு 0.00001 போன்ற மிகச் சிறிய ஒப்புச் சேமிப்பையும் (நிறைந்த அடுக்கில் நீரழுத்தம் குறையும்போது வெளியாகும் நீரின் அளவு) தனித்தனியே உள்ளிட வேண்டும். (காலத்தால் மாறாத நிலைத்த பாய்வுக் கணக்கில் இவ்விரண்டுக்கும் வேலையில்லை.)

பலரும் சறுக்குவது செங்குத்து நீர்க்கடத்துதிறனில்தான் (மண் மேல்கீழாக நீரைக் கடத்தும் திறன்): அதை விகிதமாகக் கொடுக்கும்போது, பழைய பதிப்பான மாட்ஃப்ளோ-2005இல் அடுக்குப் பண்புகளைக் கையாளும் எல்பிஎஃப் (LPF) தொகுப்பு கிடைமட்ட மதிப்பைச் செங்குத்து மதிப்பால் வகுத்த எண்ணையும், மாட்ஃப்ளோ 6 அதன் தலைகீழையும் எதிர்பார்க்கின்றன. மாட்ஃப்ளோ 6க்கு மாறும்போது பழைய கோப்பிலுள்ள 10ஐ 0.1 என மாற்றாமல் விட்டால், செங்குத்து நீர்க்கடத்துதிறன் கிடைமட்டத்தைவிடப் பத்து மடங்காகிவிடும். மென்பொருளோ பிழை எதையும் காட்டாது.