ஒரே லேன் கேபிளில் மூன்று கருவிகள்: ஸ்ப்ளிட்டர் போதுமா?

கேள்வி: ரூட்டர் கீழ்த்தளத்தில் இருக்கிறது. வீடு கட்டும்போதே சுவருக்குள் குழாய் பதித்து மாடிக்கு ஒரே ஒரு லேன் கேபிள் இழுத்துவிட்டோம். அதில் மகனின் கணினி ஓடுகிறது. டிவிக்கும் பிரின்டருக்கும் அதிலிருந்தே இணைப்பு வேண்டும். 150 ரூபாய் ஸ்ப்ளிட்டர் போதும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: வாங்காதீர்கள். தண்ணீர்க் குழாயில் கிளை பிரிப்பதுபோல லேன் கேபிளைப் பிரிக்க முடியாது. அந்த ஸ்ப்ளிட்டருக்குள் இருப்பவை வெறும் கம்பித் தொடர்புகள். இரண்டு கருவிகளைச் செருகினால் ஒன்றின் சமிக்ஞை மற்றொன்றைக் கெடுக்கும். ஒன்றைக் கழற்றினால்தான் இன்னொன்று வேலை செய்யும். இதைச் சொல்லாமல் விற்பது சரியல்ல.

ஜோடியாக விற்கும் வகையும் உண்டு. கேபிளின் இரு முனைகளிலும் மாட்டினால் உண்மையிலேயே இரண்டு இணைப்புகள் கிடைக்கும். ஆனால் கேபிளின் எட்டுக் கம்பிகளை நான்கு நான்காகப் பங்கிடுவதால் ஒவ்வொன்றிலும் வேகம் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு (Mbps) மேல் வராது. உங்களிடம் மூன்று கருவிகள் இருப்பதால் அதுவும் உதவாது.

'5 போர்ட் கிகாபிட் சுவிட்ச்' என்று கேட்டு வாங்குங்கள். ஒரு கேபிளில் வரும் இணைப்பைப் பல கருவிகளுக்குப் பகிர்ந்து கொடுக்கும் சிறு பெட்டி இது. மாடிக்கு வரும் கேபிளை ஒரு போர்ட்டில் செருகினால் மீதி நான்கும் உங்களுக்கு. கணினியில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. அமைப்புகளை நாமே மாற்றிக்கொள்ளும் 'மேனேஜ்டு' வகைக்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். வீட்டுக்கு அது தேவையே இல்லை. சுவிட்சுக்கு மின்சாரம் வேண்டும் என்பதால் பக்கத்தில் பிளக் பாயின்ட் இருக்கிறதா, அது இன்வெர்ட்டர் இணைப்பில் வருகிறதா என்று பாருங்கள்.

பெட்டியில் 10/100/1000 என்று அச்சிட்டிருக்க வேண்டும். வெறும் 10/100 என்றால், நீங்கள் 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டினாலும் மாடிக்கு 100தான் ஏறும். விலை வித்தியாசம் சில நூறு ரூபாய்தான். அதை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். டிவிக்கு இந்த வேகம் அவசியமில்லை. பல டிவிகளின் லேன் போர்ட்டே 100 எம்பிபிஎஸ்தான். 4கே படம் பார்க்க 25 எம்பிபிஎஸ் போதும். கணினியில்தான் பலன் தெரியும்.

மூன்று கருவிகள் சேர்ந்தால் வேகம் குறையுமா என்ற தயக்கமும் வேண்டாம். எல்லாம் ஒரே நேரத்தில் இணையத்தை இழுத்தால் உங்கள் திட்டத்தின் வேகம் பங்காகும், வைஃபையிலும் அப்படித்தான். சும்மா கிடக்கும் பிரின்டர் எதையும் தின்றுவிடாது.

பழைய ரூட்டர் வீட்டில் இருந்தால் செலவே இல்லை. அதன் டிஹெச்சிபியை (கருவிகளுக்குத் தானாக ஐபி முகவரி வழங்கும் வசதி) அணைத்து, ஐபி முகவரியைக் கீழே உள்ள ரூட்டரின் முகவரியோடு மோதாதபடி மாற்றி, கேபிளை லேன் போர்ட்டில் செருகுங்கள். இணையம் உள்ளே வரும் வான் (WAN) போர்ட்டில் அல்ல. மாடியில் வைஃபையும் கிடைக்கும்.

இதே எண்ணத்தில் இருக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று: உள்ளூர் ஆபரேட்டர் மொட்டைமாடி வழியாக இறக்கிய கேபிள் நேராகக் கணினிக்குப் போகிறதென்றால் சுவிட்ச் மட்டும் போதாது. அத்தகைய இணைப்பில் பொதுவாக ஒரு கருவிக்குத்தான் அனுமதி இருக்கும். முதலில் ரூட்டர் வாங்குங்கள். அதன் பின்புறமே பெரும்பாலும் மூன்று, நான்கு லேன் போர்ட்டுகள் இருக்கும்; சுவிட்ச் வாங்கும் தேவையே வராமல் போகலாம்.