பழைய ஊமை நகைச்சுவைப் படங்களில் அரசியலை எப்படிக் கண்டுபிடிப்பது?

யார் உதைக்கிறார், யார் வாங்குகிறார் என்று பாருங்கள். பாதி விடை அங்கேயே கிடைக்கும். சாப்ளினின் 'தி இமிக்ரன்ட்' 1917இல் வந்தது. கப்பலில் வந்த ஏழைகள் சுதந்திர தேவி சிலையைப் பார்க்கிறார்கள். உடனே அவர்களைக் கயிறு கட்டி ஒதுக்குகிறார்கள். அப்புறம் சாப்ளின் அதிகாரியின் பின்புறத்தில் ஓர் உதை விடுகிறார். படிக்கத் தெரியாத குடியேறிகளைத் தடுக்கும் சட்டம் அமெரிக்காவில் வந்ததும் அதே ஆண்டுதான்.

சரி, எல்லாப் படமும் எளியவர் பக்கமா? இல்லை. பஸ்டர் கீட்டனின் 'தி ஜெனரல்' (1926), 1862இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது வடக்குப் படையினர் தெற்கின் ரயில் எஞ்சினைக் கடத்திய உண்மைச் சம்பவத்தை வைத்து எடுத்தது. கீட்டன் நாயகனைத் தெற்குக்காரனாக்கிவிட்டார். அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட பக்கம் அது. கதையிலோ அடிமைமுறை ஒரு பொருட்டே இல்லை. துரத்தல் காட்சிகள் அபாரம், ஆனாலும் எனக்கு இது உறுத்தும்.