சிவப்பு மினி கூப்பர், மாமனார் பெயரில் ஆர்.சி.

கேள்வி: எனக்கு வயது 36. கோவையில் ஐ.டி. வேலை. மனைவி, நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. சின்ன வயதிலிருந்தே பழைய பாணியில் இருக்கும் குட்டிக் கார்கள் மேல் பைத்தியம். ஃபியட் 500, பீட்டில் எல்லாம் தேடிவிட்டு கடைசியில் 2013 மாடல் மினி கூப்பர் எஸ் ஒன்றைப் பிடித்திருக்கிறேன். சிவப்பு, வெள்ளைக் கூரை, பானெட்டில் இரண்டு வெள்ளைப் பட்டை. கர்நாடகப் பதிவு, இரண்டாவது ஓனர், 58,000 கி.மீ. ஓடியிருக்கிறது. 11 லட்சம் சொல்கிறார்கள். "இன்னும் ரெண்டு பார்ட்டி பார்த்துட்டுப் போயிருக்காங்க" என்று புரோக்கர் அவசரப்படுத்துகிறார். கையில் 6 லட்சம் இருக்கிறது, மீதிக்கு பர்சனல் லோன். அக்கா வீட்டுக்குத் தெரிந்தால் தேவையில்லாத பேச்சு வரும் என்பதால், ஆர்.சி.யை ஈரோட்டில் இருக்கும் மாமனார் பெயரில் போட்டுக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். ரிட்டயர் ஆனவர், அவரும் சரி என்றுவிட்டார். இவ்வளவு வயதான மினியை நம்பி வாங்கலாமா? எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும்?
- பெயர் வேண்டாம், கோவை

பதில்: தம்பி, வாங்கலாமா வேண்டாமா என்று கேட்டு எனக்கு வருகிற கடிதங்களில் பாதிக்கு மேல், முடிவெடுத்த பிறகு எழுதப்படுபவை. உங்களுடையதும் அந்த ரகம்தான். பானெட்டில் பட்டை எத்தனை என்பது வரை எழுதுகிற ஆள் இன்னும் அட்வான்ஸ் கொடுக்கவில்லை என்றால்தான் ஆச்சரியம். ஆசைப்படாதீர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. உழைக்கிறவனுக்கு ஒரு ஆசை கூடாதா என்று முதுகில் தட்டிக்கொடுக்கவும் போவதில்லை. ஆனால் கடிதம் முழுக்கக் காரைப் பற்றியே பேசிவிட்டு, போகிற போக்கில் ஆர்.சி. மாமனார் பெயரில் என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை.

முதலில் ஒரு சந்தேகம். ஒளித்துத்தான் வைக்க வேண்டும் என்றால் ஒரு வெள்ளை ஸ்விஃப்ட் வாங்கியிருக்கலாமே? அவிநாசி ரோடு சிக்னலில் முன்னால் இரண்டு, பின்னால் மூன்று நிற்கும், யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். சிவப்பு மினி அப்படியா? நாலு பேர் செல்போனில் படம் பிடிப்பார்கள், அதில் ஒருவர் உங்கள் அக்கா வீட்டுக்காரருக்குத் தெரிந்தவராக இருப்பார். ஒரு வாரம் தாங்காது இந்த ரகசியம். அப்போது என்ன சொல்வதாக உத்தேசம்? "மாமா வாங்கினார், சும்மா ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார்" என்றா? ரிட்டயர் ஆன மனுஷர் ஈரோட்டில் உட்கார்ந்துகொண்டு இரண்டு கதவு வைத்த டர்போ கார் வாங்கினார் என்பதை உங்கள் அக்கா நம்ப வேண்டும். ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு அதற்குக் காவலாக மாமனாரையும் மனைவியையும் நிறுத்தப் பார்க்கிறீர்கள். நாளைக்கு அந்த நான்கு வயதுக் குழந்தைக்கும் சொல்லிக் கொடுப்பீர்கள், அத்தை கேட்டால் தாத்தா கார் என்று சொல்லு, என்று.

அடுத்து, அந்தப் பெயர் மாற்றத்துக்கு என்ன அர்த்தம் என்று கொஞ்சமாவது யோசித்தீர்களா? ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி ஓனர். 2018-இல் உச்ச நீதிமன்றமே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது, வண்டியை விற்றுக் கைமாற்றிவிட்டாலும் பதிவில் பெயர் மாறாதவரை விபத்துக்குப் பொறுப்பு பதிவில் இருக்கிறவருக்குத்தான் என்று. நீங்கள் ஓட்டி எங்காவது மோதினால் விபத்து இழப்பீட்டு வழக்கில் எதிர்மனுதாரராக நோட்டீஸ் போவது அவர் வீட்டுக்கு. இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்பீர்கள். ஓட்டியவர் குடித்திருந்தார், லைசென்ஸ் காலாவதி என்று ஏதாவது ஒரு ஓட்டை கிடைத்தால் கம்பெனி பணத்தைக் கட்டிவிட்டு ஓனரிடமிருந்து வசூலிக்கக் கிளம்பும். அந்த ஓனர் பென்ஷனில் மாத்திரை வாங்குகிறவர்.

இன்னொன்று, இதை உங்கள் மனைவிக்குப் படித்துக் காட்டுங்கள். கார் இன்ஷூரன்ஸோடு சேர்த்து எடுக்கிற 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதல்லவா, அது ஓனராக இருந்து ஓட்டுகிறவருக்கு. ஆர்.சி. மாமனார் பெயரில் இருந்தால் அந்தக் காப்பீடும் அவருக்குத்தான், அதுவும் அவரிடம் லைசென்ஸ் இருந்தால். தினமும் ஸ்டியரிங் பிடிக்கப்போகிற உங்களுக்கு அதில் ஒரு பைசா கிடையாது. உங்களுக்கு ஏதாவது ஆனால் உங்கள் மனைவி வெறுங்கையோடு நிற்பார். சரி, அவருக்கு ஏதாவது ஆனால்? கார் அவருடைய வாரிசுகளுக்குப் போகும். மைத்துனர் இருந்தால் அவர் கையெழுத்து இல்லாமல் உங்கள் 11 லட்சம் உங்கள் பெயருக்கு வராது. அப்போது வருகிற பேச்சோடு ஒப்பிட்டால் அக்கா வீட்டுப் பேச்சு ஒன்றுமே இல்லை.

பணம் ஒருவருடையது, பெயர் இன்னொருவருடையது என்றால் அதற்குப் பினாமி என்று பெயர், உங்களுக்கே தெரியும். 2016 திருத்தத்துக்குப் பிறகு வீடு, நிலம் மட்டுமில்லை, கார் மாதிரி அசையும் சொத்தும் அந்தச் சட்டத்துக்குள் வரும். கணக்கில் காட்டிய உங்கள் வருமானத்தில் மனைவி பெயரிலோ பிள்ளை பெயரிலோ வாங்கினால் விதிவிலக்கு உண்டு. அந்தப் பட்டியலில் மாமனார் இல்லை. ஒரு பழைய மினிக்காக யாரும் ரெய்டு வரப்போவதில்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் காலமெல்லாம் நேர்மையாகச் சம்பளம் வாங்கி ரிட்டயர் ஆன ஒரு மனுஷரை, இந்த வயதில் எந்த வரிசையில் கொண்டுபோய் நிறுத்துகிறீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

"அவரும் சரி என்றுவிட்டார்." வேறு என்ன சொல்வார்? பெண்ணைக் கொடுத்த இடம். மருமகன் வாய்விட்டு ஒன்று கேட்டால், முடியாது மாப்பிள்ளை என்று சொல்கிற மாமனாரை நம் ஊரில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? அவர் மறுத்தால் அதன் சூடு மகள் மேல் விழும் என்று பயந்து சொன்ன "சரி"யாக அது இருக்கலாம். மாமனாரிடம் கை நீட்டாத மருமகன் என்று பெயரெடுப்பது பெரிய சொத்து என்று நினைக்கிற பழைய ஆள் நான். கையெழுத்தை நீட்டச் சொல்வதும் கை நீட்டுவதுதான்.

இப்போது அக்காவுக்கு வருவோம். அவரைப் பற்றி நீங்கள் எழுதியது அரை வரி. ஆனால் தம்பி ஒரு பழைய கார் வாங்கினால் எந்த அக்கா பேசுவார்? மற்ற அக்காக்கள் எலுமிச்சம்பழம் வாங்கி வந்து சக்கரத்துக்கு அடியில் வைத்துவிட்டு, முதலில் கோயிலுக்கு ஓட்டு என்பார்கள். உங்கள் அக்கா பேசுவார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது என்றால், பேசுவதற்கு அவரிடம் ஏதோ இருக்கிறது. அது உங்கள் படிப்புக்கு அடகு வைத்து மீட்காத நகையா, மச்சான் உங்களுக்கு மாற்றிக்கொடுத்த பணமா, அப்பா அம்மா ஆஸ்பத்திரிச் செலவில் உங்கள் பங்கை "இப்ப கஷ்டம்க்கா" என்று தள்ளிப்போட்டதா, எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். எழுதாமல் விட்டதிலேயே தெரிகிறது. அக்கா குணமே அப்படித்தான், எதற்கெடுத்தாலும் குறை சொல்வார் என்று இருந்திருந்தால் அதையும் ஒரு வரி எழுதியிருப்பீர்கள். குறை சொல்கிற சொந்தக்காரர்களைப் பற்றி எனக்கு எழுதுகிறவர்கள் யாரும் ஒரு வரியில் நிறுத்துவதில்லை.

கையில் 6 லட்சம் இருக்கிறது என்கிறீர்கள். அதில் அக்காவுக்குச் சேர வேண்டியது எவ்வளவு? கூடப் பிறந்தவளுக்குத் தர வேண்டியதைப் பாக்கி வைத்துவிட்டு அந்தப் பணத்தில் பட்டை போட்ட கார் ஓட்டுவதை நான் ஆசை என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். எனக்கு இதில் இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. வங்கிக்கு ஒரு மாதம் இ.எம்.ஐ. தவறினால் ஆள் வருவான். அக்கா ஆள் அனுப்ப மாட்டார், அதனால்தான் அவரைக் கடைசி வரிசையில் வைத்திருக்கிறீர்கள்.

சரி, கார். நீங்கள் கேட்டது இதைத்தானே.

1956-இல் சூயஸ் கால்வாய்ப் பிரச்சினையில் இங்கிலாந்தில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தது. குறைந்த பெட்ரோலில் நாலு பேர் போகிற மாதிரி ஒரு சின்ன வண்டி வேண்டும் என்று அலெக் இஸிகோனிஸ் எஞ்சினைக் குறுக்கே திருப்பிப் போட்டு, சுமார் 10 அடி நீளத்தில் அடக்கி வடிவமைத்தார். 1959-இல் வந்த அந்த மினி சிக்கனத்துக்குப் பிறந்த வண்டி. 2001-இல் பி.எம்.டபிள்யூ. கொண்டுவந்த மினி, அந்த முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. 2012-இல் இந்தியாவுக்கு வந்தபோது கூப்பர் எஸ் கால் கோடிக்கு மேல் விற்றது. இன்றைக்கு அது 11 லட்சத்துக்குக் கிடைக்கலாம், ஆனால் பார்ட்ஸ் வாங்கப் போனால் கால் கோடி காருக்கான விலையைத்தான் சொல்வார்கள். வண்டிக்குத்தான் வயசாகும், பார்ட்ஸுக்கு வயசாகாது. இதைப் புரோக்கர் சொல்ல மாட்டார்.

அந்தத் தலைமுறையின் 1.6 லிட்டர் டர்போ எஞ்சின், பி.எம்.டபிள்யூ.வும் பிரெஞ்சு பெஜோ-சிட்ரோவனும் சேர்ந்து செய்தது. ஓட்டினால் இறங்க மனசு வராது, அவ்வளவு சுறுசுறுப்பு. ஆனால் டைமிங் செயின், அதாவது எஞ்சினுக்குள் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்குகிற சங்கிலி, தளர்வது இதன் பழைய வியாதி. முதலில் வந்த எஞ்சின்களில் அதிகம், பிறகு குறைந்தது, அறவே போகவில்லை. ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது முதல் சில நொடி கடகடவென்று ஒரு சத்தம் வரும், சூடான பிறகு காணாமல் போய்விடும். அதனால்தான் விற்கிறவர்கள் நீங்கள் வருவதற்குள் ஒரு ரவுண்டு போய்விட்டு வந்து நிறுத்தி வைப்பார்கள். போனதும் கதவைத் திறக்காதீர்கள், பானெட்டின் மேல் உள்ளங்கையை வையுங்கள். வெயிலில் நிற்காத வண்டியில் சூடு இருந்தால், நாளைக்கு வருகிறேன் என்று திரும்பி வந்துவிடுங்கள். டிப்ஸ்டிக்கை எடுத்து ஆயில் மட்டம் பாருங்கள், இந்த எஞ்சின் ஆயில் குடிக்கும். பிளாஸ்டிக் தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் கூலன்ட் கசிந்து காய்ந்த வெள்ளைத் தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்டெப்னி கிடையாது, பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடுகிற ரன்-ஃபிளாட் டயர்தான், அதன் விலையை முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். டிக்கி 160 லிட்டர், குழந்தையின் தள்ளுவண்டியை வைத்தால் காய்கறிப் பை மனைவியின் மடியில். பின் சீட்டில் இரண்டே பேர், அதுவும் முன் சீட்டை மடக்கிக் குனிந்து ஏற வேண்டும். அவசர ஆத்திரத்துக்கு வயதானவர்களை ஏற்றிக்கொண்டு ஓடுகிற வண்டி இல்லை இது. அந்த வயதானவர்களில், பெயரைக் கொடுக்கிற மாமனாரும் ஒருவர்.

காகிதத்தில் இன்னும் கவனம் வேண்டும். இரண்டாவது ஓனர் என்கிறார். பரிவாஹன் என்ற அரசு வாகனப் பதிவு இணையதளத்தில் நம்பரைப் போட்டுப் பதிவிலும் அப்படித்தான் இருக்கிறதா பாருங்கள். கையெழுத்து மட்டும் போட்ட, பெயர் மாற்றத்துக்கான வெற்று 29, 30 படிவங்களோடு நாலு கை மாறி வருகிற வண்டிகள் உண்டு. கர்நாடகாவிலிருந்து என்.ஓ.சி.க்கு, அதாவது தடையில்லாச் சான்றுக்கு, படிவம் 28 வேண்டும், பழைய லோன் இருந்தால் அது முடிந்ததைப் பதிவிலிருந்து நீக்கப் படிவம் 35 வேண்டும். தமிழ்நாட்டில் ஆயுள் வரியைத் தனியாகக் கட்ட வேண்டும். அங்கே கட்டியதில் பாக்கியைத் திரும்ப வாங்குவது உங்கள் அலைச்சல். இந்த 11 லட்சத்தில் அதெல்லாம் சேர்த்தி இல்லை. 2028-இல் வண்டிக்குப் 15 வருஷம் முடியும், அதற்குப் பிறகு ஓட்ட வேண்டும் என்றால் ஃபிட்னஸ் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பர்சனல் லோன் அந்தக் கணக்கையெல்லாம் பார்க்காது. வண்டி ஷெட்டில் நின்றாலும் தவணை ஓடும். ரிப்பேருக்கு என்று தனியாக ஒன்றரை, இரண்டு லட்சம் ஒதுக்கி வைக்க முடியாதவர்கள் இந்த வண்டியைத் தொடவே கூடாது. உங்களிடம் அது இல்லை என்பது உங்கள் கணக்கிலேயே தெரிகிறது.

ஆகவே புரோக்கரிடம், அந்த ரெண்டு பார்ட்டிக்கே கொடுத்துவிடுங்கள் என்று சொல்லுங்கள். பதிமூன்று வருஷம் முன்பு வந்த மாடல், இன்னொன்று வரும், தமிழ்நாட்டுப் பதிவிலேயே வரும். இந்த ஞாயிற்றுக்கிழமை மாமனாருக்கு போன் போட்டு, மாமா, அந்த ஆர்.சி. விஷயம் வேண்டாம், விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டு, மனைவியையும் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போங்கள். தர வேண்டியது எவ்வளவு என்று மச்சான் முன்னால் கேளுங்கள். செக் புத்தகத்தைக் கையோடு எடுத்துப் போங்கள், இல்லையென்றால் காப்பி குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவீர்கள்.