அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாற்றை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

மேற்படிப்புக்காக அமெரிக்கா வரப்போகும் ஒருவர் கேட்டிருக்கிறார்: இனவெறி பற்றியும் கறுப்பின மக்களின் வரலாறு பற்றியும் தானாகவே படித்துத் தெரிந்துகொள்ள ஆசை, லிங்கன், மார்ட்டின் லூதர் கிங் இருவரைத் தாண்டி எதுவும் தெரியாது, எங்கே ஆரம்பிப்பது?

ஒரே ஒரு நிகழ்வை எடுத்துக்கொண்டு அடிவரை தோண்டுங்கள். இதுதான் என் பதில். 1619-ல் வர்ஜீனியாவில் இறக்கப்பட்ட முதல் ஆப்பிரிக்கர்களில் தொடங்கி வரிசையாகப் படிக்க நான் இரண்டு முறை முயன்றேன். இரண்டு முறையும் பாதியில் நின்றுவிட்டது. கடைசியில் என்னை உள்ளே இழுத்தது அலபாமா மாநிலத்தின் மான்ட்கமரி நகரப் பேருந்துப் புறக்கணிப்பு.

என் மகள் மூன்றாம் வகுப்பில் ரோசா பார்க்ஸ் பற்றி ஓர் அட்டை செய்தாள். தையல் வேலை செய்த ஒரு பெண் களைத்துப்போய்ப் பேருந்தில் உட்கார்ந்திருந்தார், வெள்ளையருக்கு இடம்விட்டு எழுந்திருக்கவில்லை, கைதானார், சட்டம் மாறியது. நானும் அவ்வளவுதான் படித்திருந்தேன். "அப்போ அதுக்கு முன்னாடி யாருக்குமே கால் வலிக்கலையாம்மா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த வாரம் இருவரும் நூலகத்துக்குப் போனோம்.

கால் வலிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்துத்தான் சலித்துப்போயிருந்தேன் என்று பார்க்ஸே பின்னாளில் சொல்லியிருக்கிறார். என்.ஏ.ஏ.சி.பி. என்ற உரிமைச் சங்கத்தின் உள்ளூர்க் கிளையில் பல வருடங்கள் செயலாளராக இருந்தவர் அவர். 1944-ல் ரீசி டெய்லர் என்ற கறுப்பினப் பெண்ணை வெள்ளையர் கும்பல் ஒன்று கடத்தி வன்புணர்வு செய்தபோது, அந்த ஊருக்கே போய் விசாரித்து வந்தார். 1955 டிசம்பர் 1 அன்று அந்த இருக்கையில் உட்கார்ந்திருந்தது இத்தனை வருட வேலை தெரிந்த ஒரு பெண்.

அவருக்கு ஒன்பது மாதம் முன்பே, அதே ஊரில், கிளாடெட் கோல்வின் என்ற 15 வயது மாணவி எழுந்திருக்க மறுத்துக் கைதாகியிருந்தாள். பள்ளியில் அப்போதுதான் கறுப்பின வரலாறு நடத்தியிருந்தார்கள். ஒரு தோளை ஹாரியட் டப்மனும் மறு தோளை சொஜர்னர் ட்ரூத்தும் அழுத்தி உட்காரவைத்ததுபோல் இருந்தது என்று பின்னாளில் அவர் சொன்னார். இருவரும் அடிமைத்தளையிலிருந்து தப்பியவர்கள். டப்மன் தப்பியதோடு நிற்காமல் திரும்பத் திரும்பத் தெற்கே போய்ப் பலரை மீட்டு வந்தவர். இதைப் படித்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். வகுப்பில் கேட்ட பாடம் ஒரு சிறுமியை அந்த இருக்கையில் பிடித்து வைத்திருக்கிறது! அப்படி ஒரு பாடம் பள்ளிக்கூடங்களுக்கு வந்ததற்கு கார்ட்டர் உட்சன் என்ற ஒருவர் காரணம். பெற்றோர் இருவரும் அடிமைகளாக இருந்தவர்கள். நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்து, இருபது வயதில்தான் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து, 1912-ல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கியவர். 1926 பிப்ரவரியில் அவர் தொடங்கிய வரலாற்று வாரம்தான் பிறகு ஒரு மாதமாக வளர்ந்தது.

கோல்வினை முன்னிறுத்தத் தலைவர்கள் தயங்கினார்கள். சின்னப் பெண், ஏழை, கொஞ்ச நாளில் கர்ப்பமும் ஆனாள். எனக்கு இது இன்றும் வலிக்கிறது. அவர்மீதான அந்தப் பழைய வழக்கின் பதிவு 2021-ல்தான் நீக்கப்பட்டது, அவருடைய 82-வது வயதில்.

சரி, புறக்கணிப்புக்கு வருகிறேன். பார்க்ஸ் கைதான இரவே ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை, கல்லூரியின் பிரதியெடுக்கும் இயந்திரத்தில் விடியவிடியப் பல்லாயிரம் துண்டறிக்கைகளை ஓட்டினார். அவருடைய பெண்கள் சங்கம் ஒன்றரை வருடம் முன்பே, புறக்கணிப்பு வரலாம் என்று மேயருக்குக் கடிதம் எழுதியிருந்தது. 26 வயது கிங் தலைவரானது அதற்கெல்லாம் பிறகு. 381 நாட்கள் மக்கள் நடந்தார்கள், சொந்த வண்டிகளில் ஒருவரையொருவர் ஏற்றிக்கொண்டார்கள். பெட்ரோலுக்குப் பணம்? ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரப் பெண்மணி, புறக்கணிப்புக்காகக் கிங்மீது போடப்பட்ட வழக்கில் சாட்சி சொன்னதால் வேலையை இழந்தவர், தோழிகளைச் சேர்த்துக்கொண்டு பொரித்த கோழியும் இனிப்புப் பண்டங்களும் செய்து விற்றுப் பணம் சேர்த்தார். யார் கொடுத்தது என்று கேட்டால் "எங்கிருந்தும் வரவில்லை" என்று சொல்லலாம் என்பதற்காகவே அந்தக் குழுவுக்கு 'எங்கிருந்துமில்லாதவர்கள் சங்கம்' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். கொடுத்தவர் பெயர் தெரிந்தால் அவருக்கு வேலை போகும்.

முதலில் அவர்கள் கேட்டது எவ்வளவு குறைவு என்பதையும் பாருங்கள். மரியாதையாகப் பேச வேண்டும், முன்னால் வெள்ளையர், பின்னால் கறுப்பினத்தவர் என்று வந்த வரிசையில் உட்கார விட வேண்டும், கறுப்பினத்தவரையும் ஓட்டுநராக எடுக்க வேண்டும். பிரிவினையை ஒழிக்கச் சொல்லிக்கூடக் கேட்கவில்லை. அதையும் நகராட்சி மறுத்தது. கிங்கின் வீட்டில் குண்டு வெடித்தது. கடைசியில் சட்டத்தை உடைத்தது நான்கு பெண்கள் வாதிகளாக இருந்த ஒரு வழக்கு. அந்த நால்வரில் பார்க்ஸ் இல்லை, கோல்வின் இருந்தார்.

இந்த ஒரு வருடத்தை ஒழுங்காகப் படித்தாலே அடுத்த கேள்விகள் தானாக வரும். இப்படி ஒரு சட்டம் எப்படி இருக்க முடிந்தது? 1896-ல் 'பிரித்து வை, சமமாக வை' என்பதை உச்ச நீதிமன்றமே ஏற்றிருந்தது. ஓட்டுப் போட்டு மேயரை மாற்றியிருக்கக் கூடாதா? இந்தக் கேள்வி என்னை 1870-களுக்குக் கொண்டுபோனது. அடிமைமுறை ஒழிந்து ஐந்தே ஆண்டில் மிசிசிப்பியிலிருந்து ஹைரம் ரெவல்ஸ் என்ற கறுப்பினத்தவர் செனட்டர் ஆகியிருக்கிறார்! 1877-ல் தெற்கை விட்டு மத்திய அரசு கைகழுவியது. அப்புறம் கறுப்பினத்தவரை ஓட்டுப் போடவிடாமல் தடுக்க வாக்குவரி, எழுத்தறிவுத் தேர்வு, இவற்றுக்குப் பின்னால் தூக்குக்கயிறு. 1877 முதல் 1950 வரை 4,400-க்கும் மேற்பட்ட கும்பல் கொலைகள் ஆவணப்படுத்தப்பட்டிருக்கின்றன. கொல்லப்பட்டவர்களின் நினைவிடம் 2018-ல் மான்ட்கமரியில்தான் திறந்தார்கள். கொலை நடந்த கவுண்டிக்கு (நம் மாவட்டம் போன்றது) ஒன்றாக எண்ணூறுக்கும் மேற்பட்ட இரும்புத் தூண்கள். உள்ளே நுழையும்போது கண்ணுக்கு நேராக நிற்கும். நடக்க நடக்கத் தரை கீழே இறங்க, தூண்கள் தலைக்கு மேல் தொங்கும். நாங்கள் குடியிருக்கும் கவுண்டியின் பெயரைத் தேடினேன். இருந்தது.

இன்னொன்று சொல்ல வேண்டும். நான் அட்லாண்டா வந்த முதல் வாரமே, வீடு தேடும்போது, எந்தப் பக்கம் போகக் கூடாது என்று நம்மவர்கள் சொன்னார்கள். 'நல்ல ஏரியா இல்லை.' ஏன் என்று நான் கேட்கவில்லை. அடுத்த வருடம் புதிதாக வந்தவர்களுக்கு நானே அதைச் சொன்னேன். 1930-களில் மத்திய அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடம் போட்டு, கறுப்பினத்தவர் வாழ்ந்த தெருக்களைச் சிவப்பில் 'அபாயம்' என்று குறித்து வைத்தது. அந்த வரைபடங்கள் இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அட்லாண்டாவுக்கு உரியதைத் திறந்து பார்த்தேன். எனக்குச் சொல்லப்பட்ட பெயர்களில் பல சிவப்புக்குள் இருந்தன. அந்தத் தெருக்களில் வீட்டுக்கடன் கிடைப்பது அரிது. கடன் இல்லாவிட்டால் சொந்த வீடு இல்லை, பிள்ளைகளுக்கு விட்டுப்போக ஒன்றும் இல்லை. 2022-ல் வெள்ளையர் குடும்பம் ஒன்றின் இடைநிலைச் சொத்து 2,85,000 டாலர், கறுப்பினக் குடும்பத்துக்கு 44,900 டாலர். இந்த இரண்டு எண்களையும் யாராவது 'சோம்பேறித்தனம்' என்று விளக்கினால் அந்தச் சிவப்பு வரைபடத்தைக் காட்டுங்கள்.

நம்மவர்கள் இங்கே இருப்பதும் இதே கதையில் சேர்ந்ததுதான். 1946 சட்டப்படி அமெரிக்காவில் குடியேற இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 100 இடம் மட்டுமே. அந்த ஒதுக்கீட்டு முறையை நீக்கிய சட்டம் வந்தது 1965 அக்டோபரில், வாக்குரிமைச் சட்டம் வந்த இரண்டே மாதத்தில். கறுப்பின மக்களின் சம உரிமைப் போராட்டம் நாட்டின் மனநிலையை மாற்றியிராவிட்டால் அது வந்திருக்குமா என்பது சந்தேகம்தான். எங்கள் தெருவில் சுருட்டை முடிப் பையனைக் 'காப்பிரி' (ஆப்பிரிக்கரை இழித்துச் சொல்லும் சொல்) என்று கூப்பிட்டு வளர்ந்தவள் நான். அந்தச் சொல்லை விட எனக்கு இவ்வளவு வருடம் ஆகியிருக்கிறது.

இங்கே வந்த பிறகு, கூடப் படிக்கும் கறுப்பின நண்பரை உங்கள் ஆசிரியராக்கிவிடாதீர்கள். நான் அப்படிச் செய்திருக்கிறேன். அலுவலகத் தோழி பொறுமையாகத்தான் பதில் சொன்னார், ஆனால் அவர் முகத்தில் அன்று தெரிந்த அயர்ச்சி எனக்கு மறக்கவில்லை. நூலகம் இருக்கிறது, ஆவணக் காப்பகங்கள் இருக்கின்றன.

இன்றிரவே தொடங்க வேண்டுமானால், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தளத்தில் ஃபவுண்டன் ஹியூஸ் என்பவரின் குரல் இருக்கிறது. 1949-ல் பதிவு செய்தது. தனக்கு 101 வயது என்கிறார், தன் தாத்தா அமெரிக்க அதிபராக இருந்த தாமஸ் ஜெஃபர்சனுக்குச் சொந்தமாக இருந்தவர் என்கிறார். மறுபடி அடிமையாக வேண்டும் என்று வந்தால் துப்பாக்கி எடுத்து அப்போதே என்னை முடித்துக்கொள்வேன், ஏனென்றால் அங்கே நீ ஒரு நாய், அவ்வளவுதான் என்று சாதாரணமாகப் பேசிக்கொண்டே போகிறார். நானும் மகளும் சமையலறையில் நின்றபடியே அதைக் கேட்டோம்.