ரூட்டருக்கு மணி சொல்வது யார்? வாசகர் கேள்விகள்

கேள்வி: நெட் கொடுக்கும் பெட்டிக்கு மணி எதற்குத் தெரிய வேண்டும்?

பதில்: எப்போது என்ன நடந்தது என்று பதிவு எழுதவும், பிள்ளைகளுக்கு ராத்திரி பத்து மணிக்கு நெட்டை நிறுத்தவும் நேரம் வேண்டும். பெரும்பாலான வீட்டு ரூட்டர்களில் பேட்டரியில் ஓடும் கடிகாரம் இல்லை. கரண்ட் போய் வந்தால் நேரம் மறந்துபோகும். அதனால் நெட் வழியே நேரம் கேட்டு வாங்கும் என்டிபி முறையில் ஒரு நேர சர்வரிடம் கேட்டுக்கொள்கிறது.

கேள்வி: அந்தக் கோரிக்கை வெறும் 48 பைட்தானாமே. அதனால் ஒரு சர்வர் திணறுமா?

பதில்: திணறியிருக்கிறது. 2003 மே மாதம் அமெரிக்காவின் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்து நேர சர்வரில் கோரிக்கைகள் வந்து குவிந்தன. உச்சத்தில் விநாடிக்கு இரண்டரை லட்சம் பாக்கெட் (நெட்டில் போகும் சிறு தகவல் பொட்டலம்)! யாரோ தாக்குகிறார்கள் என்றே முதலில் நினைத்தார்கள். அங்கே பணியாற்றிய டேவ் பிளாங்கா துருவிப் பார்த்தபோது, வந்தவை எல்லாம் நெட்கியர் நிறுவனத்தின் வீட்டு ரூட்டர்களிலிருந்து என்று தெரிந்தது. பல்கலைக்கழக சர்வரின் ஐபி எண்ணை, அதாவது அதன் நெட் முகவரி எண்ணை, மென்பொருளுக்குள்ளேயே எழுதி, 7 லட்சத்துக்கும் அதிகமான பெட்டிகளைத் தயாரித்திருந்தார்கள். பதில் வராவிட்டால் விநாடிக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டே இருக்கும்படி எழுதியதுதான் அதைவிடப் பெரிய தவறு.

கேள்வி: வேண்டாத பாக்கெட்டுகளை நிறுத்தும் ஃபயர்வாலில் தடுத்துவிட்டால் முடிந்ததே?

பதில்: தடுத்தால் பதில் போகாது. பதில் போகாவிட்டால் அந்த ரூட்டர்கள் விநாடிக்கு விநாடி கேட்கும். தடுக்கத் தடுக்கக் கூட்டம் பெருகும். சர்வரை வேறு எண்ணுக்கு மாற்றினாலும் பாக்கெட்டுகள் பழைய எண்ணுக்கே வரும். பெயரை எழுதியிருந்தால், பெயருக்கு எண் சொல்லும் டிஎன்எஸ்ஸில் திருப்பிவிடலாம், எண்ணுக்கு அந்த வழி இல்லை. புதிய மென்பொருள் வெளியிட்டாலும் எத்தனை வீட்டில் போடுவார்கள்? கடைசியில் நெட்கியர் பல்கலைக்கழகத்துக்கு 3,75,000 டாலர் கொடுத்தது. சாதனங்களுக்குள் இப்படி எண்ணைப் பதிக்காதீர்கள் என்று பிளாங்கா எழுதிய ஆவணம் 2005-ல், இணைய நடைமுறைகளை விளக்கும் ஆர்எஃப்சி ஆவண வரிசையில் 4085 ஆக வந்தது. ரூட்டர் மென்பொருள் எழுதும் ஒவ்வொருவரும் அதைப் படிக்க வேண்டும்.

கேள்வி: அதற்கப்புறம் திருந்திவிட்டார்களா?

பதில்: இல்லை. டென்மார்க்கில் பால்-ஹென்னிங் காம்ப் அந்நாட்டு நெட்வொர்க்குகளுக்காக இலவசமாக நடத்திய நேர சர்வரின் பெயரை ரூட்டர் தயாரிக்கும் டி-லிங்க் நிறுவனம் தன் சாதனங்களில் சேர்த்திருந்தது. 2006 ஏப்ரலில்தான் சமரசம் ஆனது. பின்னாளில் டிபி-லிங்க் நிறுவனத்தின் ரிப்பீட்டர்கள் (வைஃபையை நீட்டிக்கும் பெட்டிகள்), நெட் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக 5 விநாடிக்கு ஒருமுறை ஜப்பானின் ஃபுகுவோகா பல்கலைக்கழகம் உட்படப் பல நேர சர்வர்களைத் தட்டின. ஊருக்கு இலவசமாக உதவுகிறவர் தலையில் விற்கிறவர் சுமையை ஏற்றுவது எனக்கு ஆறாத கோபம்.

கேள்வி: என் ரூட்டர் இப்படிச் செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: முதலில் ஃபர்ம்வேரை, அதாவது ரூட்டருக்குள் இருக்கும் மென்பொருளை, புதுப்பியுங்கள். அமைப்புப் பக்கத்தில் நேர சர்வர் என்ற இடத்தில் வெறும் ஐபி எண் இருந்தால், உங்கள் நெட் நிறுவனத்தின் நேர சர்வர் பெயரையோ, பொது நேர சர்வர்களின் தொகுப்பான என்டிபி பூல் பெயரையோ போடுங்கள். கொஞ்சம் நுட்பம் தெரிந்தவர்கள் ரூட்டரிலிருந்து வெளியே போகும் யுடிபி 123-ஐ (என்டிபி பயன்படுத்தும் போர்ட்), பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் கவனிக்கலாம். தொடக்கத்தில் சில பாக்கெட் அடுத்தடுத்துப் போவது சகஜம். அப்புறமும் சில விநாடிக்கு ஒன்று போய்க்கொண்டே இருந்தால், மாடல் எண்ணோடு தயாரிப்பாளருக்குப் புகார் எழுதுங்கள்.