கூலியை ஃபோனிலேயே சொல்லிவிடுங்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

எனக்கு வயது 36. ஐ.டி.ஐ.யில் ஏ.சி. மெக்கானிக் படித்தேன். ஒன்பது வருடமாகத் திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனி சர்வீஸ் சென்டரில் வேலை. கருங்கலிலிருந்து குழித்துறை ஸ்டேஷனுக்குப் போய் ரயில் பிடிக்க வேண்டும். வீடு திரும்ப ராத்திரியாகிவிடும். கையில் 26,000 ரூபாய் வருகிறது. மனைவி தனியார் பள்ளியில் ஆசிரியை. இரண்டு பிள்ளைகள். வேலையை விட்டுவிட்டு ஊரிலேயே ஏ.சி., இன்வெர்ட்டர் சர்வீஸ் தொடங்கலாம் என்றிருக்கிறேன். பி.எஃப். பணத்தை எடுத்து ஒரு பழைய ஆம்னி வேன் வாங்கலாம் என்பது திட்டம். "மாசம் பொறந்தா சம்பளம் வருது, அத ஏன் விடணும்" என்கிறார் மாமனார். ஊரில் எல்லோரும் தெரிந்தவர்கள், வேலைக்குப் பஞ்சமிருக்காது என்று நினைக்கிறேன். நான் நினைப்பது சரிதானா?

பெயர் வெளியிட வேண்டாம்,
கருங்கல்

அன்புள்ள தம்பிக்கு,

வேலைக்குப் பஞ்சமிருக்காது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. தேங்காய்ப்பட்டணத்திலிருந்து குளச்சல் வரை கடற்கரை வீடுகளின் மாடிச் சுவரைப் பாருங்கள். ஏ.சி.யின் வெளி யூனிட்டில் அலுமினியத் தகடுகள் உப்புக்காற்றில் அரித்து, விரல் பட்டாலே பொடிப்பொடியாக உதிரும். சித்திரையிலும் ஐப்பசியிலும் சாயங்காலம் ஒரு இடிமின்னல் போதும், மறுநாள் காலையில் இன்வெர்ட்டர் போர்டு போச்சு, கிணற்று மோட்டார் போச்சு என்று ஊரெல்லாம் ஆள் தேடும். பிள்ளைகள் வளைகுடாவில் இருக்க, அப்பாவும் அம்மாவும் மட்டும் இருக்கிற வீடுகள் உங்கள் பக்கம் எத்தனை! பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றக்கூட அங்கே ஆளில்லை. அந்த வீடுகளுக்கு வருட ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, நாள் குறித்துப் போய்வந்தால், மழை மாதத்திலும் உங்கள் அடுப்பு எரியும்.

எல்லோரும் தெரிந்தவர்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, என் கவலை அங்கேதான். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கைவேலை தெரிந்தவர்கள் சொந்தத் தொழிலில் நொடித்துப்போவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அவர்களுக்கு வேலை கிடைக்காமல் இல்லை. செய்த வேலைக்குக் கூலி கேட்க நாக்கு எழவில்லை. சித்தப்பா வீடு, கூடப் படித்தவன் வீடு, பிள்ளைக்குப் பாடம் எடுக்கிற டீச்சர் வீடு. "பெறவு தாறேன் மக்கா" என்பார்கள். ஏமாற்ற நினைத்துச் சொல்வதில்லை. நீங்கள் தொகையைச் சொல்லவில்லை, அதனால் அவர்களுக்கும் தெரியவில்லை.

தக்கலைப் பக்கம் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற ஒருவரைத் தெரியும். கை செம்புக்கம்பியைச் சுற்றிக்கொண்டே இருக்கும், ஃபோன் காதுக்கும் தோளுக்கும் நடுவில். முழுக்கக் கேட்டுவிட்டு, "வந்து பாக்க முந்நூறு. சரியாக்கினா அது கூலியில கழிஞ்சிரும். வரட்டா?" என்பார். அப்புறம் பேசமாட்டார், அந்தப் பக்கம் சரி என்று சொல்லும்வரை காத்திருப்பார். அன்று நான் பார்த்தபோது கூப்பிட்டது அவருடைய சொந்த மச்சினன். அவரிடமும் அதே வாக்கியம், அதே குரல். நாலு மணி என்று சொன்னார், நாலு மணிக்குக் கிளம்பிவிட்டார். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை. உங்கள் மாமனார் கூப்பிட்டாலும் அப்படிச் சொல்ல வாய் வருமா என்று யோசித்துப் பாருங்கள். வரும் என்றால் தைரியமாக இறங்குங்கள். மாமனாருக்குக் காசில்லாமல் செய்யவேண்டும் என்று தோன்றினால் செய்யுங்கள், ஆனால் தொகையைச் சொல்லிவிட்டு அப்புறம் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

தொகை எவ்வளவு? கையில் வரும் 26,000 மட்டும் உங்கள் சம்பளம் இல்லை. பி.எஃப்.பில் கம்பெனி போடும் பங்கு, கம்பெனி எடுத்துத் தந்த மருத்துவக் காப்பீடு எல்லாம் நாளை உங்கள் தலையில். பெட்ரோல், கருவித் தேய்மானம், சின்னதாக ஒரு கடை வாடகை சேர்த்தால் மாதம் 40,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 நாள் வேலை என்றால் நாளைக்கு 1,600. ஓட்டமும் காத்திருப்பும் போக ஒரு நாளில் உருப்படியாக மூன்று வீடு பார்க்கலாம். அதாவது ஸ்பேர் பார்ட்ஸ் விலை போக, ஒரு வீட்டிலிருந்து 530 ரூபாய்க்குமேல் நிற்கவேண்டும். பக்கத்துக் கடைக்காரர் 300 வாங்குகிறாரே என்று நீங்களும் வாங்கினால், நஷ்டத்தை உங்கள் மனைவியின் சம்பளம்தான் தாங்கும். இதை மனைவியோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மாமனாரிடம் வாதாடுவதைவிட அந்தத் தாளைக் காட்டுவது நல்லது. அவர் பயப்படுவதும் தன் மகளுக்காகத்தான்.

இன்னொன்று, ரிப்பீட் கம்ப்ளைன்ட், அதாவது சரிசெய்த வீட்டிலிருந்தே மறுபடி வரும் புகார். கம்பெனியில் அது கணக்கில் ஒரு எண். சொந்தத் தொழிலில் உங்கள் பெட்ரோல், உங்கள் அரைநாள், உங்கள் பெயர். ஓட்டை எங்கே என்று பார்க்காமல் கேஸ் மட்டும் ஏற்றிவிட்டு வந்தால், கொஞ்ச நாளில் அதே வீட்டிலிருந்து ஃபோன் வரும். குழாயில் நைட்ரஜன் அடித்து, பிரஷர் நிற்கிறதா என்று பார்த்து, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி வாக்கம் போட்டு, அப்புறம் கேஸ் ஏற்ற எவ்வளவு நேரம் ஆகும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். அந்த நேரத்துக்கும் கூலி உண்டு.

மார்த்தாண்டம், திங்கள்சந்தை, குளச்சல், தேங்காய்ப்பட்டணம்: முதலில் இந்த வட்டத்துக்குள்ளேயே நில்லுங்கள். ஆரல்வாய்மொழியில் ஒரு நல்ல வேலை வந்தாலும் போய்த் திரும்ப நாள் போய்விடும். இதற்கு பைக்கும் ஒரு பெட்டிக் கேரியரும் போதும்; யூனிட்டைக் கழற்றும் நாளில் ஆட்டோ பிடிக்கலாம். வேன் இப்போது வேண்டாம்.

சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு ஆன்லைனில் இலவசம், யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சம் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். கடன் தேவைப்பட்டால் சிறுதொழிலுக்கான அரசின் முத்ரா திட்டத்தில் 50,000 ரூபாய் வரை உள்ள சிசு கடனைக் கேளுங்கள். நாகர்கோவிலில் மாவட்டத் தொழில் மையத்திலும் ஒருமுறை விசாரியுங்கள்.

பி.எஃப். பணத்தைத் தொடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஒன்பது வருடம் என்கிறீர்கள். பி.எஃப்.போடு சேர்ந்த ஓய்வூதியத் திட்டத்தில் பத்து வருடச் சேவை இருந்தால்தான் 58 வயதில் மாத ஓய்வூதியத்துக்குத் தகுதி. பி.எஃப். பாஸ்புக்கை எடுத்து, சேர்ந்த மாதம் முதல் விடுபடாமல் பணம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். மிச்சம் சில மாதங்கள்தான் என்றால் இருந்து முடித்துவிட்டு வாருங்கள். ஐந்து வருடம் தாண்டியதால் கிராஜுவிட்டியும் (பணிக்கொடை) வரவேண்டும். கருவிகளை அதில் வாங்குங்கள். நடுவில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரில் வேலை எடுத்துப் பழகலாம். ஆனால் வேலையில் சேரும்போது கையெழுத்துப் போட்ட தாளில் வெளிவேலை கூடாது என்று இருந்தால், கடைசி நாள் வரை அதை மீறாதீர்கள்.

அன்புடன்,
அண்ணன்